லாரி மண் அடித்த மனையில் குழந்தை மண் தின்கிறாள்: மண்ணில் என்னதான் இருக்கிறது?

கொங்குமகள் (அவிநாசி)

எல்லோருக்கும் வணக்கம். புது வீட்டுக்குக் குடிவந்து சில மாதங்கள் ஆகின்றன. மனை பள்ளமாக இருந்ததால் லாரியில் மண் அடித்து மேடாக்கினோம். பார்க்கச் செம்மண் மாதிரிதான் இருந்தது. ஒரு நல்ல மழை பெய்த பிறகு பார்த்தால் ஓட்டுச்சில், காரைக்கட்டி, பெயிண்ட் ஒட்டிய பூச்சுத் துண்டு என்று ஒவ்வொன்றாக மேலே வருகிறது. ஒரு மூலையில் கறுப்பாகச் சாம்பல் போலவும் கிடக்கிறது. பின்பக்கம் கீரையும் கத்திரியும் போட வேண்டும் என்று ஆசையாக இருந்தேன்.

இப்போது கவலை என் மகளைப் பற்றித்தான். ஒன்றரை வயது. கீழே இறக்கிவிட்டால் நேராக அந்த மண்ணுக்குப் போய் அள்ளி வாயில் போட்டுக்கொள்கிறாள். அத்தை "மண்ணு திங்காத பிள்ளை எந்த ஊர்ல இருக்கு, அதுலதான் எதிர்ப்பு சக்தி வரும்" என்கிறார். என் அம்மா போனிலேயே திட்டுகிறார். தேடிப் படித்தால் ஒருவர் மண்ணே மருந்து என்கிறார், இன்னொருவர் மண்ணே விஷம் என்கிறார். மண் என்பது உண்மையில் என்ன, உடம்புக்குள் போனால் என்ன செய்யும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஊர்ச்செவிலி (திருவண்ணாமலை மாவட்டம்)

தங்கச்சி, அது என்ன மண் என்று பிறகு பார்க்கலாம். முதலில் பிள்ளைக்கு ஹீமோகுளோபின் பாருங்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்ப்பார்கள்.

தவழும் வயதில் எல்லாப் பிள்ளையும் கையில் கிடைத்ததை வாயில் வைக்கும், துப்பும், மறந்துவிடும். தேடிப் போய்த் தின்றால் இரும்புச்சத்து குறைந்திருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். மசக்கையில் சிலேட்டுக்குச்சி, சாம்பல், திருநீறு தின்னும் பெண்களிடமும் இதையேதான் பார்க்கிறோம். இதில் கொடுமை, களிமண் வயிற்றுக்குள் போய், சாப்பாட்டில் வரும் இரும்பையும் உடம்பில் சேரவிடாமல் பிடித்துக்கொள்ளும். ரத்தம் குறைந்ததால் மண் தின்கிறது, மண் தின்பதால் இன்னும் ரத்தம் குறைகிறது. இரும்பு சிரப்பை விடாமல் கொடுத்தால் பல பிள்ளைகள் தாமாகவே மண்ணை விட்டுவிடுவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது பூச்சி. நாக்குப்பூச்சி, சாட்டைப்புழு, கொக்கிப்புழு மூன்றுக்கும் மண் வேண்டும். மலத்தோடு வெளியேறிய உடனே நாக்குப்பூச்சியின் முட்டை யாரையும் தொற்றாது. ஈரமும் நிழலும் உள்ள மண்ணில் இரண்டு மூன்று வாரம் கிடந்து முதிர்ந்த பிறகுதான் தொற்றும். அப்படி முதிர்ந்த முட்டை வருடக்கணக்கில் மண்ணில் உயிரோடு கிடக்கும். அதை விழுங்கினால்தான் பூச்சி. கொக்கிப்புழு வேறு மாதிரி. முட்டை மண்ணிலேயே பொரிந்து, ஒரு வாரம் பத்து நாளில் கண்ணுக்குத் தெரியாத நூல் மாதிரி புழுவாகி, வெறுங்காலுக்காகக் காத்திருக்கும். கால்விரல் இடுக்கில் தோலைத் துளைத்து ரத்தத்தோடு நுரையீரலுக்குப் போய், அங்கிருந்து தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுக் குடலுக்குப் போய்ச் சேரும். அங்கே குடல்சுவரைக் கடித்துத் தொங்கிக்கொண்டு ரத்தம் குடிக்கும். காலில் அரிப்பு வந்தால் சேற்றுப்புண் என்று மஞ்சள் தடவிவிட்டுப் போய்விடுகிறோம்.

பிப்ரவரியில் அங்கன்வாடியில் கொடுக்கும் அல்பெண்டசோல் என்ற பூச்சி மாத்திரை இதற்குத்தான். ஒன்றிலிருந்து இரண்டு வயதுக்கு அரை மாத்திரை, பொடித்துத் தண்ணீரில் கலந்து கொடுக்க வேண்டும். அதற்கு மேல் முழு மாத்திரை, 400 மில்லிகிராம். முழு மாத்திரையை அப்படியே வாயில் போட்டுவிடாதீர்கள், புரையேறும்.

மலைநாட்டான் (ஹற்றன்)

ஊர்ச்செவிலி அக்கா சொல்லும் கொக்கிப்புழு எங்கள் மலையகத்தின் வரலாற்றில் பெரிய அத்தியாயம். தேயிலைத் தோட்டங்களுக்குத் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களில் பெரும்பாலானவர்களுக்கு இந்தப் புழு இருந்தது. மலக்கூடம் இல்லாத லயம் (தொழிலாளர் வரிசைவீடு), ஈரமான நிழல் மண், செருப்பில்லாத கால், வேறென்ன வேண்டும் அதற்கு? 1916இலிருந்து ராக்கபெல்லர் என்ற அமெரிக்க அறக்கட்டளை இலங்கைத் தோட்டங்களில் இதற்கென்று இயக்கமே நடத்தியது. மருந்து கொடுத்துப் புழுவை இறக்குவார்கள், சில மாதத்தில் அதே மண்ணிலிருந்து திரும்பவும் ஏறும். மலக்கூடம் கட்டித் தரச் சொன்னால் தோட்டத்துரைமார் செலவைக் காட்டித் தயங்குவார்கள். "சோம்பேறிக் கூலி" என்று எழுதிவைத்தார்களே, அந்தச் சோர்வில் எவ்வளவு பங்கு ரத்தசோகை என்று நினைத்தால் இன்றைக்கும் மனம் பொறுப்பதில்லை.

கரிசல் ஐயா (வேளாண் துறை, ஓய்வு)

மண் என்ன என்று அம்மா கேட்டதற்கு வருகிறேன். பலரும் நினைப்பது போல அது பொடிந்த பாறை மட்டும் கிடையாது. நல்ல தோட்டத்து மண்ணில் பாதி இடம் காற்றும் தண்ணீரும்தான். மீதிப் பாதியில் பெரும்பகுதி மணல், வண்டல், களி என்ற மூன்று அளவுத் துகள்கள். நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவான ஒரு சின்னப் பங்கு மக்கிய இலைதழை, வேர், உயிர்கள். அந்தச் சின்னப் பங்குதான் மொத்த மண்ணையும் நடத்துகிறது. ஒரு கிராம் வளமான மண்ணில் கோடிக்கணக்கில் பாக்டீரியா இருக்கும், பூஞ்சை இழை தனி. நம் வயல்களில் அங்ககக் கார்பன், அதாவது மக்கில் இருக்கும் கார்பன், 0.5 சதவீதத்துக்குக் கீழே வருவது சர்வசாதாரணம். பரிசோதனை அட்டையில் "குறைவு" என்று அச்சாகும், யாரும் கண்டுகொள்வதில்லை.

உங்கள் மண் எப்படி என்று வீட்டிலேயே ஓரளவு பார்க்கலாம். ஒரு கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர், ஒரு சிட்டிகை பாத்திரம் துலக்கும் சோப்புத்தூள். நன்றாகக் குலுக்கி ஜன்னலோரம் வையுங்கள். ஒரு நிமிடத்துக்குள் அடியில் உட்காருவது மணல். இரண்டு மணி நேரத்தில் அதன்மேல் படிவது வண்டல். மறுநாள்வரை தண்ணீரைக் கலங்க வைத்துக்கொண்டு மெல்ல இறங்குவது களி. மேலே மிதக்கும் கறுப்புத் துணுக்குதான் மக்கு. செம்மண்ணில் மணல் பட்டை தடிமனாக இருக்கும். எங்கள் கோவில்பட்டிக் கரிசலில் களிதான் பாதிப் பாட்டிலை அடைத்துக்கொள்ளும்.

ஒரு சென்டிமீட்டர் மேல்மண் உருவாகப் பல நூறு ஆண்டுகள் ஆகும். உங்கள் மனையில் கிடப்பதை நான் மண் என்று சொல்லமாட்டேன். அது நிரப்பு. எங்கெங்கோ இடித்தது, எங்கெங்கோ தோண்டியது. அதற்கு ஊர் பேர் கிடையாது. குழந்தையை அதில் விடாதீர்கள்.

உயிரியல் டீச்சர் (தஞ்சாவூர்)

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். அத்தை சொல்வதை முழுதாகத் தள்ளிவிட முடியாது. பின்லாந்தில் லாஹ்தி, தாம்பெரே நகரங்களின் மழலையர் காப்பகங்களில் ஓர் ஆய்வு நடந்தது. சரளைக்கல் போட்ட முற்றத்தில் காட்டுத்தரையைப் பாளம் பாளமாக வெட்டிக்கொண்டுவந்து விரித்து, புல்வெளியும் செடித்தொட்டியும் வைத்தார்கள். மூன்றிலிருந்து ஐந்து வயதுப் பிள்ளைகள் 28 நாள் அதில் விளையாடினார்கள். தோலில் வாழும் பாக்டீரியா வகைகள் கூடின, நோய் எதிர்ப்பைச் சமநிலையில் வைக்கும் சில குறியீடுகளும் ரத்தத்தில் உயர்ந்தன. 2020இல் வெளிவந்தது. பிள்ளைகளை டைல்ஸ் தரையிலேயே வளர்த்துவிட்டு, பிறகு ஒவ்வாமை, மூச்சிரைப்பு என்று மருத்துவமனைக்கு அலைகிறோமே. மண்ணைக் கண்டாலே அலறுவதும் ஆபத்துதான்.

ஊர்ச்செவிலி

டீச்சர், அந்த ஆய்வை நானும் மதிக்கிறேன். ஆனால் அது சுத்தமான பின்லாந்துக் காட்டுத்தரை. அங்கே யாரும் திறந்தவெளியில் மலம் கழிப்பதில்லை. இந்தப் பிள்ளை விளையாடுவது லாரி மண்ணில், தெருநாயும் பூனையும் வந்துபோகும் இடத்தில். நாய்க்குடலில் இருக்கும் உருளைப்புழுவின் முட்டைகூட மண் வழியாகக் குழந்தைக்குப் போய்க் கண்ணைப் பாதிக்கும். விளையாடட்டும், கையில் அள்ளட்டும், வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எந்த மண் என்று பார்த்து விடுங்கள், முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், நகத்தை ஒட்ட வெட்டுங்கள்.

உயிரியல் டீச்சர்

சரி, அதை ஒப்புக்கொள்கிறேன். எந்த மண் என்பதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

நெல்லுக்காரர் (மன்னார்குடி)

மண்ணைத் தின்பவர்களைப் பற்றிப் பேசுகிறீர்கள். தின்னாதவர்கள் உடம்புக்குள்ளும் மண் போகிறது, சோறு வழியாக. அதைப் பற்றி ஒரு கதை சொல்ல வேண்டும், ஏனென்றால் அது மண் தின்னுவதிலேயே தொடங்குகிறது.

பீகாரில் பிறந்த ஆனந்த பிரசாத் என்ற மருத்துவர் 1950களின் கடைசியில் ஈரானில் ஷிராஸ் நகரத்தில் வேலை பார்த்தார். அவரிடம் 21 வயது இளைஞன் ஒருவனைக் கொண்டுவந்தார்கள். பார்க்கப் பத்து வயதுப் பையன் மாதிரி இருந்தான். மீசை அரும்பவில்லை, வளர்ச்சி இல்லை, கடும் ரத்தசோகை. சாப்பாடு என்றால் முக்கால்வாசி ரொட்டிதான், அதோடு தினமும் களிமண். அந்தப் பக்கத்துக் கிராமங்களில் இப்படிப் பலர் இருந்தார்கள். ரத்தசோகைக்கு இரும்பு சரி, வளர்ச்சி ஏன் நின்றது? துத்தநாகம் இல்லாவிட்டால் செடியும் விலங்கும் வளராது என்று அப்போதே தெரியும். மனிதனுக்கும் அப்படித்தானோ என்று அவர் சந்தேகப்பட்டார். பிறகு எகிப்துக் கிராமங்களில் ஆராய்ந்து, துத்தநாகம் கொடுத்ததும் அப்படிப்பட்ட இளைஞர்கள் வளர்வதைக் காட்டினார். ரொட்டியில் இருக்கும் ஃபைட்டேட் என்ற பொருளும், தின்ற களிமண்ணும் சேர்ந்து துத்தநாகத்தைப் பிடித்துக்கொண்டதுதான் காரணம். இன்றைக்கு வயிற்றுப்போக்கு வந்த குழந்தைக்கு ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டோடு 14 நாளுக்குத் துத்தநாக மாத்திரை கொடுக்கிறார்களே, அதற்கான விதை ஷிராஸில் விழுந்தது.

வயலில் இதே குறைவை நாங்கள் வேறு உருவத்தில் பார்க்கிறோம். நட்டு இரண்டு மூன்று வாரத்தில் நெல் தழையில் துரு ஏறின மாதிரி பழுப்புப் புள்ளி விழும், நடுநரம்பு வெளுக்கும், பயிர் எழும்பாமல் குட்டையாகவே நிற்கும். வடக்கே இதைக் கைரா நோய் என்பார்கள். பந்த்நகர் பல்கலைக்கழகத்தில் ஒய்.எல். நேனே 1966இல் இதற்குத் துத்தநாகக் குறைவுதான் காரணம் என்று கண்டுபிடிக்கும்வரை ஏதோ தொற்று என்றே பலர் நினைத்தார்கள். நிலத்தில் துத்தநாகம் இல்லாமலா இருக்கிறது? இருக்கும். சுண்ணாம்பும் களர்த்தன்மையும் கூடிய மண்ணில், தண்ணீர் தேங்கிய வயலில், அது வேருக்குக் கிடைக்காதபடி கட்டுண்டு கிடக்கும். ஏக்கருக்குப் பத்துக் கிலோ துத்தநாக சல்பேட் போட்டால் பயிர் தெளியும்.

என் ஆதங்கம் ஒன்று. மகசூல் கூடுகிறதா என்று மட்டும் பார்த்து நிறுத்திவிடுகிறோம், அரிசிக்குள் போகிறதா என்று யாரும் கேட்பதில்லை. மண்ணில் போடுவது பயிரைக் காப்பாற்றும். அரிசியில் ஏற்ற வேண்டுமானால் பூத்த பிறகு, பால்பிடிக்கும் சமயத்தில் 0.5 சதவீதக் கரைசலாக இலையில் தெளிப்பது நல்ல பலன் தருகிறது. துருக்கியில் கோதுமைக்கு இதைப் பெரிய அளவில் செய்து பார்த்தார்கள். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் பார்க்கிறார்கள், துத்தநாகம் பார்க்கிறார்களா? கூடுதல் செலவுக்குக் கூடுதல் விலை இல்லாமல் எந்த விவசாயி தெளிப்பான்?

கரிசல் ஐயா

அருமை தம்பி. சேர்த்துக்கொள்ள ஒன்று உண்டு. பின்லாந்தில் மண்ணில் செலினியம் என்ற நுண்சத்து குறைவு என்று தெரிந்ததும் 1980களின் நடுவிலிருந்து உரத்திலேயே அதைக் கலக்கச் சட்டம் போட்டார்கள். சில ஆண்டுகளிலேயே மக்கள் ரத்தத்தில் அளவு உயர்ந்தது. சீனாவில் கேஷான் வட்டாரத்தில் அதே குறைவு இதயநோயாகவே வெளிப்பட்டது. நம் பஞ்சாபில் நவான்ஷஹர், ஹோஷியார்பூர் பக்கம் சில ஊர்களில் நேர்மாறு. அங்கே செலினியம் மிஞ்சிப்போய் மாட்டுக்குக் குளம்பு கழன்றது, மனிதருக்கு முடியும் நகமும் உதிர்ந்தன. மண்ணில் ஒரு சத்து கொஞ்சம் என்றாலும் கேடு, அதிகம் என்றாலும் கேடு. அதனால்தான் சோதிக்காமல் எதையும் அள்ளிக் கொட்டாதீர்கள் என்று தலைபாடாக அடித்துக்கொள்கிறோம்.

பாலாற்றங்கரை (ராணிப்பேட்டை)

எங்கள் ஊரைச் சொல்லாமல் இந்த இழை முடியக் கூடாது. 1990களில் மூடப்பட்ட ஒரு குரோமேட் ஆலை லட்சம் டன்னுக்கு மேல் கழிவை அப்படியே குவித்துவிட்டுப் போனது. மழை பெய்தால் மஞ்சளாகத் தண்ணீர் ஓடிவரும். அந்த மஞ்சள்தான் ஆறு இணைதிறன் குரோமியம், புற்றுநோய் தரும் வடிவம். தோல் பதனிடப் போடுவது மூன்று இணைதிறன் குரோமியம், அது மண்ணோடு ஒட்டிக்கொண்டு அவ்வளவாக நகராது. இந்த மஞ்சள் சரக்கோ தண்ணீரோடு கிணறுவரைக்கும் போகும்.

1996இல் உச்ச நீதிமன்றம் வேலூர் தோல் தொழிற்சாலை வழக்கில் கொடுத்த தீர்ப்பு நாடெங்கும் சட்டக் கல்லூரிகளில் பாடமாக இருக்கிறது. அசுத்தம் செய்தவனே செலவை ஏற்க வேண்டும் என்றது. படிக்கும்போது பெருமையாக இருக்கும். வெளியே வந்து உப்புப் பூத்த தென்னந்தோப்பைப் பார்த்தால் அந்தப் பெருமை நிற்காது. கொங்குமகள், உங்கள் பக்கமும் சாயப்பட்டறைகள் உண்டு. அந்தக் கறுப்புச் சாம்பல் எங்கிருந்து வந்தது என்று லாரிக்காரரை விடாமல் கேளுங்கள்.

சுன்னாகத்தான் (யாழ்ப்பாணம்)

எங்கட செம்மண் பார்க்க அழகு, வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் கொழிக்கும். ஆனால் மெல்லிய படை, கீழே முழுக்கச் சுண்ணக்கல். தோட்டத்துக்குப் போடுகிற யூரியாவில் பயிர் எடுக்காத பங்கு நைத்திரேற்றாக மாறி, தடுப்பாரில்லாமல் நேரே கிணற்றுக்கு இறங்கும். லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை. தோட்டக் கிணறுகள் பல அதைத் தாண்டி நிற்கின்றன. ஆறு மாதத்துக்குக் குறைந்த பிள்ளைக்கு அந்தத் தண்ணீரில் மாப்பால் கரைத்துக் கொடுத்தால் ரத்தம் ஒட்சிசனைச் சுமக்க முடியாமல் உதடு நீலம் பாரிக்கும். காய்ச்சினால் சரியாகும் என்று எண்ண வேண்டாம். தண்ணீர் ஆவியாகி நைத்திரேற்று இன்னும் செறிவாகும்.

ஆய்வகப் பெண் (வேலூர்)

மண்ணுக்காகவும் ஒருவர் பேச வேண்டும். 1943இல் அமெரிக்காவின் ரட்கர்ஸில் ஆல்பர்ட் ஷாட்ஸ், வாக்ஸ்மன் குழுவினர் ஸ்டிரெப்டோமைசஸ் என்ற மண்வாழ் பாக்டீரியாவிலிருந்து ஸ்டிரெப்டோமைசின் எடுத்தார்கள். காசநோய்க்குக் கிடைத்த முதல் வலுவான மருந்து அது. இன்றைக்குக் காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசினுக்கு மூலம் பிரான்ஸ் நாட்டுப் பைன் காட்டு மண்ணில் கிடைத்த பாக்டீரியா. ஐவர்மெக்டின் என்ற புழுக்கொல்லி மருந்து ஜப்பானில் ஒரு கோல்ஃப் மைதானத்துப் பக்கத்து மண்ணிலிருந்து வந்தது, அதற்காக ஒமூராவுக்கும் கேம்ப்பெல்லுக்கும் 2015இல் நோபல் கிடைத்தது. முதல் மழைக்கு வருகிற மண்வாசனையில் பெரும்பங்கு இந்த ஸ்டிரெப்டோமைசஸ் வகைகள் சுரக்கும் ஜியோஸ்மினுடையது.

அதே சமயம் எங்கள் மேசைக்கு மழைக்காலத்தில் வரும் ஒரு நோயைச் சொல்லாமல் விட முடியாது. மெலியாய்டோசிஸ். 1911இல் ரங்கூனில் விட்மோர் முதலில் அடையாளம் கண்டார், அடுத்த ஆண்டு கிருஷ்ணசுவாமியோடு சேர்ந்து கட்டுரையாக எழுதினார். சேற்றிலும் வயல் நீரிலும் வாழும் பாக்டீரியா, காலில் உள்ள புண் வழியாகவோ மூச்சு வழியாகவோ உள்ளே போகும். விடாத காய்ச்சல், நுரையீரலில் சீழ், ஈரலில் கட்டி என்று வரும். பார்க்கக் காசநோய் மாதிரியே இருப்பதால் தவறான மருந்தில் மாதக்கணக்கு ஓடிவிடும். சர்க்கரை நோயாளிகளைத்தான் அதிகம் பிடிக்கிறது. சர்க்கரையோடு நாற்று நடப் போகும் நம் அப்பா அம்மாக்கள் எத்தனை பேர்! காலில் வெடிப்போ புண்ணோ இருந்தால் பூட்ஸ் இல்லாமல் சேற்றில் இறங்க விடாதீர்கள். காய்ச்சல் நிற்காவிட்டால் "வயலில் வேலை செய்பவர், சர்க்கரை உண்டு" என்று மருத்துவரிடம் நீங்களாகவே சொல்லுங்கள், ரத்தத்தைக் கிருமி வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனைக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். ரணஜன்னிக் (டெட்டனஸ்) கிருமியின் வித்தும் மண்ணில்தான் இருக்கிறது, பத்து வயதிலும் பதினாறு வயதிலும் போடும் டி.டி. ஊசியைத் தவறவிடாதீர்கள்.

கொங்குமகள்

எல்லோருக்கும் நன்றி. ரத்தம் பார்த்துவிட்டோம், ஹீமோகுளோபின் 8.6. சிரப் ஆரம்பித்தாயிற்று, பூச்சி மருந்தும் கொடுத்தார்கள். அத்தையே இப்போது அவளை இடுப்பை விட்டு இறக்குவதில்லை. மண்ணை வேளாண் துறை பரிசோதனை நிலையத்தில் கொடுக்கப் போகிறேன். பெயிண்ட் துண்டில் ஈயம் இருக்கும் என்று பக்கத்து வீட்டு அண்ணன் பயமுறுத்துகிறார். அதையும் அந்த அட்டையில் போட்டுத் தருவார்களா?

ஆய்வகப் பெண்

தரமாட்டார்கள். மண்வள அட்டையில் இருப்பவை 12: கார அமிலத்தன்மை, உப்பின் அளவு, அங்ககக் கார்பன், தழை மணி சாம்பல் சத்துகள், கந்தகம், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான். எல்லாம் பயிருக்காக. ஈயம், குரோமியம், காட்மியம் பார்க்க என்.ஏ.பி.எல். (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் உள்ள தனியார் ஆய்வகத்தில் காசு கட்டித்தான் பார்க்க வேண்டும். என்னைக் கேட்டால் குழந்தை இருக்கும் வீட்டில் அந்தச் செலவு வீண் கிடையாது.

அண்ணன் சொல்வதில் உண்மை இருக்கிறது. இந்தியாவில் ஈயப் பெட்ரோல் 2000 ஏப்ரலில்தான் முழுதாக நின்றது. வீட்டுப் பெயிண்டில் ஈயத்துக்கு 90 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 90 பங்கு) வரம்பு 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய வீடுகளை இடித்த காரை என்றால் சந்தேகப்படத்தான் வேண்டும். ஈயம் மக்காது, கரையாது, போட்ட இடத்திலேயே மேல்மண்ணில் கிடக்கும். விழுங்கிய ஈயத்தைப் பெரியவர்களைவிடக் குழந்தையின் குடல் நாலைந்து மடங்கு அதிகம் உறிஞ்சும், இரும்பு குறைந்த குழந்தை இன்னும் அதிகம் உறிஞ்சும். உங்கள் பாப்பாவுக்கு இரும்பு குறைவாக இருப்பதால்தான் வற்புறுத்துகிறேன். ரத்தத்தில் ஈயத்தின் அளவையும் ஒருமுறை பார்க்க முடியுமா என்று குழந்தைநல மருத்துவரிடம் கேளுங்கள்.

கரிசல் ஐயா

மாதிரி எடுக்கும் முறை சொல்கிறேன் அம்மா. பயிருக்கான மாதிரி என்றால் ஏழெட்டு இடங்களில் மேலே கிடக்கும் இலைதழையை ஒதுக்கி, ஒரு சாண் ஆழத்துக்குக் குறையாமல் ‘வி’ வடிவில் குழி வெட்டி, அந்தச் சரிவை மேலிருந்து கீழ்வரை ஒரே தடிமனாகச் செதுக்கி வாளியில் போடுங்கள். கலந்து நாலு பங்காக்கி எதிரெதிர் இரண்டு பங்கைத் தள்ளுங்கள். அரைக்கிலோ மிஞ்சும்வரை அப்படியே செய்து, நிழலில் உலர்த்தித் துணிப்பையில் கட்டுங்கள். ஈயத்துக்கான மாதிரி வேறு. பிள்ளையின் கை படுவது மேல்மண் என்பதால் மேலே இரண்டு விரற்கடை மட்டும் சுரண்டி எடுங்கள். கறுப்புச் சாம்பல் மூலையை மற்றதோடு கலக்காமல் தனிப் பொட்டலமாகக் கட்டுங்கள்.

முடிவு வரும்வரை அந்த மண்ணில் கீரை வேண்டவே வேண்டாம். கீரை மண்ணுக்குப் பக்கத்திலேயே வளர்வதால் தூசி இலையில் அப்பும், உலோகத்தையும் மற்ற காய்களைவிட அதிகம் இழுக்கும். முள்ளங்கி, கேரட்டும் அப்படியே. ஆசை விடாவிட்டால் செங்கல் அடுக்கி ஒன்றரை அடி உயரத்துக்குப் பாத்தி கட்டுங்கள். அடியில் கெட்டித் துணியோ பழைய சாக்கோ விரித்து, தெரிந்தவர் தோட்டத்து மண்ணும் மக்கிய தொழுஉரமும் பாதிப் பாதி போடுங்கள். மீதி இடத்தை வெறுந்தரையாக விடாமல் புல் பதித்துவிட்டால் புழுதி பறக்காது. வாசலில் ஈரச்சாக்கு, செருப்பு வெளியே, தரையைப் பெருக்குவதற்குப் பதில் ஈரத்துணியால் துடைப்பது. இந்த மூன்றையும் இன்றைக்கே தொடங்கலாம்.

கொங்குமகள்

லாரிக்காரரைப் பிடித்துவிட்டோம். பழைய மில் குடியிருப்பு ஒன்றை இடித்த இடத்திலிருந்து எடுத்த மண்ணாம். நாளைக்கு இரண்டு மாதிரியும் எடுத்து அனுப்பிவிடுகிறேன். முடிவு வந்ததும் இங்கேயே போடுகிறேன்.